சாண்டி கோஃபாக்ஸ்: முப்பது வயதில் நின்றுபோன இடது கை

நீங்கள் கேட்ட கேள்வி இது: "பேஸ்பாலில் 511 ஆட்டங்களை வென்ற சை யங் இருக்கிறார். 417 வென்ற வால்டர் ஜான்சன் இருக்கிறார். இடது கை பிட்ச்சர்களில் மட்டும் பார்த்தாலும் வாரன் ஸ்பான் 363 வென்றிருக்கிறார். மொத்தமே 165 ஆட்டங்களை வென்று முப்பது வயதில் விலகிவிட்ட சாண்டி கோஃபாக்ஸின் பெயரைச் சொன்னதும் பழைய ரசிகர்கள் ஏன் இப்படி உருகுகிறார்கள்? இளமை நினைவு என்பதைத் தவிர அதில் ஏதாவது இருக்கிறதா?"

இருக்கிறது. கோஃபாக்ஸின் ரசிகர்கள் வெற்றிகளின் எண்ணிக்கையை நினைத்து உருகுவதில்லை. தாங்கள் ஆரவாரம் செய்து மகிழ்ந்த இரவுகளில் அந்தக் கை எந்த நிலையில் இருந்தது என்பது அவர்களுக்குப் பின்னால்தான் முழுதாகத் தெரியவந்தது. அதன் பிறகு ஒவ்வோர் ஆட்டத்தையும் அவர்கள் மனத்தில் இன்னொரு முறை பார்த்தார்கள். அந்த இரண்டாம் பார்வைதான் இன்றுவரை தொடர்கிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கிரிக்கெட் மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். பேஸ்பாலில் பந்து எறிபவர், அதாவது பிட்ச்சர், ஓடிவருவதில்லை. ஒரு சிறு மேட்டின் மேல் நின்றபடி, அறுபதரை அடி தள்ளி நிற்கும் பேட்டரை நோக்கி எறிகிறார். பந்து தரையில் குத்தாது. ஆகவே ஆடுகளத்தின் உதவி அவருக்குக் கிடையாது. விரல், மணிக்கட்டு, முழங்கை, தோள் ஆகியவைதாம் எல்லாம். பேட்டர் அடிக்கத் தவறிய நல்ல பந்து ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக் ஆனதும் பேட்டர் வெளியேறினால் அது ஸ்ட்ரைக்கவுட். பந்தை அடித்துவிட்டு ஓடி ஒரு பேஸை (சுற்றிவர வேண்டிய நான்கு நிலைகளில் ஒன்றை) எட்டுவது ஹிட். எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் ஆட்டத்தை முடித்தால் நோ-ஹிட்டர். இருபத்தேழு பேட்டர்கள் வந்து இருபத்தேழு பேரும் முதல் பேஸைக்கூட மிதிக்காமல் திரும்பினால் பெர்ஃபெக்ட் கேம்.

கோஃபாக்ஸிடம் இருந்தவை பெரும்பாலும் இரண்டே வகைப் பந்துகள். ஒன்று வேகப்பந்து. தலைக்கு மேலிருந்து நேராக இறங்கும் கை, நீண்ட விரல்கள், பந்து கையை விட்டுப் போகும்போது பின்னோக்கிக் கொடுக்கும் கடும் சுழற்சி. அந்தச் சுழற்சியால் பந்து பேட்டர் எதிர்பார்க்கும் அளவுக்குக் கீழே இறங்காது. எதிரே நிற்பவர் கண்ணுக்கு அது கடைசி நொடியில் மேலே எழும்புவதுபோலத் தெரியும். மட்டை அதற்குக் கீழே காற்றை வெட்டும். இன்னொன்று வளைபந்து. அதே கை, அதே உயரம், ஆனால் சுழற்சி முன்னோக்கி. மாடியிலிருந்து உருட்டிவிட்டதுபோல் பந்து சரிந்து விழும். ஒன்று விழாமல் ஏமாற்றும், மற்றொன்று விழுந்து ஏமாற்றும்.

எதிரணிக்காரர்கள் பலருக்கு எந்தப் பந்து வரப்போகிறது என்பது முன்பே தெரிந்திருந்தது. பேஸில் எதிரணி ரன்னர் இருக்கும்போது கோஃபாக்ஸ் இரு கைகளையும் சேர்த்து நிறுத்தும் இடத்தில் முழங்கைகள் இருக்கும் விதமே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். தெரிந்தும் அடிக்க முடியவில்லை. அவரை எதிர்கொள்வது முள்கரண்டியால் காபி குடிக்க முயல்வதுபோல என்று பிட்ஸ்பர்க் அணியின் வில்லி ஸ்டார்ஜெல் சொன்னதாக ஒரு வாசகம் உண்டு. ஸ்டார்ஜெல் சாதாரண ஆட்டக்காரர் அல்லர். 475 ஹோம் ரன் அடித்தவர்.

ஆனால் இந்தக் கோஃபாக்ஸ் ஆரம்பத்திலேயே இப்படி வரவில்லை. ரசிகர்களின் பாசத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1935 டிசம்பர் 30 அன்று நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். பள்ளி நாட்களில் அவருக்குப் பிடித்த விளையாட்டு கூடைப்பந்து. சின்சினாட்டி பல்கலைக்கழகத்துக்குப் போனதும் கூடைப்பந்தை நம்பித்தான். 1954 கடைசியில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணி 14,000 டாலர் ஊக்கத்தொகை கொடுத்து அவரை எடுத்துக்கொண்டது. அந்தப் பணமே அவருக்கு வினையாக முடிந்தது. 4,000 டாலருக்கு மேல் ஊக்கத்தொகை வாங்கும் புதியவரை இரண்டு ஆண்டுகள் பெரிய அணியிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. மற்ற இளைஞர்கள் சிறிய ஊர்களின் கீழ்நிலை லீக்குகளில் தவறு செய்து, அடி வாங்கி, தொழில் கற்றுக்கொண்டு மேலே வருவார்கள். கோஃபாக்ஸுக்கு அந்தப் பள்ளிக்கூடமே கிடைக்கவில்லை. பத்தொன்பது வயதில் நட்சத்திரங்களுக்கு நடுவே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். எப்போதாவது எறியக் கூப்பிடுவார்கள். பதற்றத்தில் முழு பலத்தையும் போட்டு எறிவார், பந்து எங்கோ போகும், மறுபடியும் பெஞ்ச்.

1955 முதல் 1960 வரை ஆறு பருவங்களில் அவர் வென்றவை 36, தோற்றவை 40. அணி 1958இல் லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்தபோதும் நிலைமை பெரிதாக மாறவில்லை. இடையிடையே மின்னல்போல ஓர் ஆட்டம் வரும். 1959 ஆகஸ்ட் 31 அன்று ஜயண்ட்ஸ் அணியின் 18 பேரை ஸ்ட்ரைக்கவுட் செய்தார். அதே ஆண்டு உலகத் தொடரின் (பருவ முடிவில் இரு லீக்குகளின் சாம்பியன்களும் மோதும் தொடர்) ஐந்தாம் ஆட்டத்தில், கொலிசியம் மைதானத்தில் கூடிய 92,706 பேர் முன்னால் எறிந்து 1-0 என்று தோற்றார். உலகத் தொடர் ஆட்டம் ஒன்றுக்கு அதைவிடப் பெரிய கூட்டம் இன்றுவரை கூடியதில்லை. 1960 பருவம் முடிந்த நாளில் வெறுத்துப்போய்த் தன் கையுறையையும் காலணியையும் குப்பையில் போட்டுவிட்டுப் போனார். உடைமாற்று அறையைக் கவனித்துக்கொண்ட நோபி கவானோ அவற்றை எடுத்துப் பத்திரப்படுத்தினார். அடுத்த வசந்தத்தில் கோஃபாக்ஸ் திரும்பி வந்தபோது அவை அவருக்காகக் காத்திருந்தன.

1961 வசந்தப் பயிற்சி. ஃபுளோரிடாவின் ஓர்லாண்டோவில், கணக்கில் சேராத ஒரு பயிற்சி ஆட்டம். கோஃபாக்ஸ் வழக்கம்போல முழு வேகத்தில் எறிந்து வரிசையாக பேட்டர்களுக்கு வாக் (நான்கு தவறான பந்துகளால் இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ்) கொடுத்துக்கொண்டிருந்தார். பேட்டருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் கேட்ச்சர் நார்ம் ஷெரி மேட்டுக்கு நடந்து வந்தார். அவர் சொன்னதன் சாரம் இவ்வளவுதான்: இவ்வளவு பலம் வேண்டாம், கொஞ்சம் தளர்த்தி எறி, அவர்கள் அடித்தால் அடிக்கட்டும். கோஃபாக்ஸ் தளர்த்தினார். பந்து சொன்ன இடத்துக்குப் போனது. வேகமும் குறையவில்லை. கையை இறுக்கிக்கொண்டிருந்ததுதான் இத்தனை நாள் தடையாக இருந்திருக்கிறது. அந்த 1961 பருவத்தில் 18 வெற்றிகள், 269 ஸ்ட்ரைக்கவுட்கள். இரு பெரிய லீக்குகளில் ஒன்றான நேஷனல் லீக்கில் 1903 முதல் நிலைத்திருந்த கிறிஸ்டி மாத்யூசனின் 267 என்ற சாதனை போயிற்று.

லாஸ் ஏஞ்சல்ஸின் முதல் தலைமுறை ரசிகர்கள் இந்த மாற்றத்தைக் கண்ணால் பார்த்ததைவிடக் காதால் அதிகம் கேட்டார்கள். கொலிசியம் பேஸ்பாலுக்காகக் கட்டப்பட்ட இடமன்று. மேல் வரிசைகளிலிருந்து பந்து புள்ளியாகக்கூடத் தெரியாது. அதனால் மக்கள் கையடக்க டிரான்சிஸ்டர் ரேடியோவை மைதானத்துக்கே கொண்டுவந்து, எதிரே நடக்கும் ஆட்டத்தை வர்ணனையாளர் வின் ஸ்கல்லியின் குரல் வழியாகப் பின்தொடர்ந்தார்கள். 1962இல் டாட்ஜர் ஸ்டேடியம் திறந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நான் அந்த ஸ்டேடியத்தில் ஓர் ஆட்டம் பார்க்கப் போனபோது, பக்கத்து இருக்கையில் 32 என்று எண் போட்ட சட்டையோடு ஒரு முதியவர் உட்கார்ந்திருந்தார். கோஃபாக்ஸின் எண் அது. பேச்சுக் கொடுத்தேன். சிறுவனாக இருந்தபோது தலையணைக்கு அடியில் ரேடியோவை வைத்துக்கொண்டு தூங்கப் போவாராம். "கோஃபாக்ஸ் எறியும் நாளில் அம்மா வந்து ரேடியோவை அணைக்க மாட்டார். வாசலில் நின்று அவரும் கேட்டுக்கொண்டிருப்பார்" என்றார். சொல்லிக்கொண்டே இடது கையை மெல்லத் தலைக்கு மேல் உயர்த்தி, விரல்களை விரித்து, வளைபந்து இறங்குவதைக் காட்டினார். அவர் வலது கைப் பழக்கமுள்ளவர்; குளிர்பானக் கோப்பை வலது கையில் இருந்தது. அந்த அசைவை மட்டும் அவர் இடது கையால்தான் செய்தார்.

இனி அந்த ஐந்து ஆண்டுகள். 1962 முதல் 1966 வரை 111 வெற்றிகள், 34 தோல்விகள். ஐந்து ஆண்டும் தொடர்ந்து, ஒன்பது இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, சராசரியாக மிகக் குறைந்த ரன் கொடுத்த பிட்ச்சர் என்ற இடம் நேஷனல் லீக்கில் அவருக்குத்தான். நான்கு ஆண்டுகள் அடுத்தடுத்து, ஆண்டுக்கு ஒரு நோ-ஹிட்டர். சை யங் விருது அன்று இரு லீக்குகளுக்கும் சேர்த்து ஒரே ஒருவருக்கு வழங்கப்பட்டது. அதை 1963, 1965, 1966 என மூன்று முறை பெற்றார், மூன்று முறையும் ஒருமனதாக.

இதில் 1963 உலகத் தொடரைச் சொல்லாமல் போக முடியாது. எதிரே நியூயார்க் யாங்கீஸ். முதல் ஆட்டம் யாங்கீ ஸ்டேடியத்தில், 69,000 பேர் முன்னிலையில். குபெக், ரிச்சர்ட்சன், டிரெஷ், மாண்டில், மாரிஸ் என்று முதல் ஐந்து பேரும் ஸ்ட்ரைக்கவுட். பாபி ரிச்சர்ட்சன் அந்தப் பருவம் முழுவதிலுமே 22 முறைதான் ஸ்ட்ரைக்கவுட் ஆகியிருந்தார். அன்று ஒரே பகலில் மூன்று முறை ஆனார். கோஃபாக்ஸின் கணக்கு 14ஐத் தொட்டது. அது பத்தாண்டுகளுக்கு முன் கார்ல் எர்ஸ்கின் படைத்த உலகத் தொடர் சாதனைக்குச் சமம். கடைசி பேட்டராக வந்தவர் ஹாரி பிரைட். உலகத் தொடரில் ஆட வேண்டும் என்று பதினேழு ஆண்டுகள் காத்திருந்தவர். வாய்ப்பு வந்த அன்று, தன் சொந்த ஊர்க் கூட்டமே தான் ஸ்ட்ரைக்கவுட் ஆக வேண்டும் என்று கத்தியதைப் பின்னால் அவரே சொல்லியிருக்கிறார். ஆனார். பதினைந்து. எதிரணி ரசிகர்களையும் தன் பக்கம் இழுத்துக்கொண்ட பிட்ச்சர் அவர். நான்கே ஆட்டங்களில் யாங்கீஸ் சுருண்டது. இந்த மனிதர் 25 ஆட்டங்களை எப்படி வென்றார் என்பது புரிகிறது, ஐந்தில் எப்படித் தோற்றார் என்பதுதான் புரியவில்லை என்றார் யாங்கீஸின் யோகி பெரா.

இப்போது அந்தக் கைக்கு வருவோம்.

முதல் எச்சரிக்கை 1962இலேயே வந்தது. இடது ஆள்காட்டி விரல் மரத்துப்போய், வெளுத்து, தோல் உரியத் தொடங்கியது. உள்ளங்கையில் ஒரு ரத்தக்குழாய் நசுங்கியிருந்தது. விரலையே இழக்கும் அபாயம் வரை போய் மருந்தால் மீண்டார். 1964 ஆகஸ்டில், மில்வாக்கியில் இரண்டாம் பேஸுக்குப் பாய்ந்து திரும்பியபோது முழங்கை தரையில் மோதியது. அதற்குப் பிறகும் இரண்டு ஆட்டங்களை வென்றார். இரண்டாவதில் 13 ஸ்ட்ரைக்கவுட்கள். மறுநாள் காலையில் கையை நீட்ட முடியவில்லை. அணியின் மருத்துவர் ராபர்ட் கெர்லன் எக்ஸ்ரே பார்த்துச் சொன்னது மூட்டுவாதம். ஆண்டுக்கணக்கில் எறிந்ததால் மூட்டின் குருத்தெலும்பு தேய்ந்து, எலும்போடு எலும்பு உரசிக்கொண்டிருந்தது. அன்று அதைக் குணப்படுத்தும் வழி இல்லை.

1965 வசந்தத்தில், ஒரு பயிற்சி ஆட்டத்தில் முழுதாக எறிந்த மறுநாள் அவர் எழுந்தபோது கை முழுவதும் உட்கசிந்த ரத்தத்தால் கறுத்திருந்தது. வாரம் ஒருமுறை மட்டும் எறியலாம் என்று முதலில் திட்டமிட்டார்கள். பருவம் தொடங்கியதும் அந்தத் திட்டம் காற்றில் போனது. அந்த ஆண்டில் அவர் எறிந்தது 335⅔ இன்னிங்ஸ். இன்று ஒரு முன்னணி பிட்ச்சர் 200 இன்னிங்ஸ் எறிந்தாலே பெரிய உழைப்பு என்கிறார்கள்.

ஆட்டத்துக்கு முன் அவர் தோளிலும் கையிலும் முதுகிலும் கேப்சோலின் என்ற களிம்பைத் தேய்ப்பார்கள். அது மிளகாயின் காரத்திலிருந்து செய்யப்பட்டது. மிளகாய் அரைத்த கையோடு கண்ணைத் தொட்டுவிட்டுத் துடித்த எவருக்கும் அது என்ன என்று விளக்க வேண்டியதில்லை. அந்த எரிச்சலை முதுகு முழுவதும் பூசிக்கொண்டு இரண்டரை மணி நேரம் ஆடுவார். வலிக்குக் கோடீன் கலந்த மாத்திரை. வீக்கத்துக்குப் பூட்டசோலிடின், பந்தயக் குதிரைகளுக்குக் கொடுக்கும் மருந்து. அவ்வப்போது மூட்டுக்குள்ளேயே கார்டிசோன் ஊசி. ஆட்டம் முடிந்ததும் பனிக்கட்டி நிறைத்த தொட்டியில் முழங்கையை அமிழ்த்தி உட்கார்ந்திருப்பார். தோல் உறைந்துபோகாமல் இருக்க டயர் டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் உறையைக் கையில் மாட்டிவிடுவார்கள். அந்தப் படங்கள் இன்றும் கிடைக்கின்றன. ஒரு கையில் ரப்பர் உறை, சுற்றிலும் நிருபர்கள், முகத்தில் அமைதியான ஒரு புன்சிரிப்பு. இடது கை நிரந்தரமாக வளைந்தே போனதால் கோட்டின் ஒரு கையைக் குட்டையாக வெட்டித் தைக்கவேண்டியிருந்தது.

இந்தக் கையோடுதான் அவர் 1965இல் 26 ஆட்டங்களை வென்றார், 382 பேரை ஸ்ட்ரைக்கவுட் செய்தார். இந்தக் கையோடுதான் செப்டம்பர் 9 வந்தது.

அன்று இரவு டாட்ஜர் ஸ்டேடியத்தில் 29,139 பேர். எதிரணி சிகாகோ கப்ஸ். அவர்கள் பக்கம் எறிந்தவர் பாப் ஹென்ட்லி, அவரும் இடது கைக்காரர். அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அன்று அவரும் தன் வாழ்நாளின் ஆட்டத்தை ஆடினார்: ஒரே ஒரு ஹிட்தான் கொடுத்தார். டாட்ஜர்ஸுக்குக் கிடைத்த ஒரே ரன் ஹிட் இல்லாமலேயே வந்தது. ஐந்தாம் இன்னிங்ஸில் லூ ஜான்சன் வாக் பெற்றார், சக ஆட்டக்காரர் தன்னைத் தியாகம் செய்து அவரை இரண்டாம் பேஸுக்கு நகர்த்தினார், ஜான்சன் மூன்றாம் பேஸைத் திருட ஓடியபோது கேட்ச்சர் கிறிஸ் க்ரூக் எறிந்த பந்து தவறிப்போனது, ஜான்சன் ரன் கிடைக்கும் ஹோம் பேஸுக்கு வந்து சேர்ந்தார். அவ்வளவுதான். இரு அணிக்கும் சேர்த்து அந்த இரவில் பேஸை அடைந்தவர் ஜான்சன் ஒருவரே. ஐந்து நாள் கழித்துச் சிகாகோவில் இதே இருவரும் மீண்டும் மோதினார்கள். அன்று ஹென்ட்லி 2-1 என்று வென்றார். இந்தச் செய்தியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

கோஃபாக்ஸ் பக்கம் எட்டாவது இன்னிங்ஸில் ரான் சாண்டோ, எர்னி பேங்க்ஸ், புதியவரான பைரன் பிரவுன் மூவரும் ஸ்ட்ரைக்கவுட். ஒன்பதாவதில் க்ரூக், அமால்ஃபிடானோ. கடைசியாக ஹார்வி குயென். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஜயண்ட்ஸுக்கு எதிரான நோ-ஹிட்டரிலும் கடைசி பேட்டராக நின்றவர் இதே குயென்தான். செப்டம்பர் 9 ஆட்டம் தொலைக்காட்சியில் வரவில்லை. ஒன்பதாவது இன்னிங்ஸில் ஸ்கல்லி பேசியது மட்டும் ஒலிப்பதிவாக இருக்கிறது. தேதியையும் மணியையும் அவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார். பிட்ச்சருக்கு ஒரு நினைவுப் பொருளாக அந்தப் பதிவு பயன்படட்டும் என்பதற்காக. தொப்பி கழன்று விழுவது, நெற்றி வியர்வையைத் துடைப்பது, டக்அவுட்டில் இருப்பவர்கள் எழுந்து நிற்பது என்று கண்ணில் பட்டதை எல்லாம் சொல்கிறார். உலகத்திலேயே மிகத் தனிமையான இடம் இப்போது இந்த மேடுதான் என்கிறார். குயென் மட்டையைச் சுழற்றித் தவறவிட்டதும் "பெர்ஃபெக்ட் கேம்" என்று சொல்லிவிட்டு வாய் திறக்காமல் இருந்துவிடுகிறார். அரை நிமிடத்துக்கும் மேல் கூட்டத்தின் ஓசை மட்டும். அதன் பிறகு, மணி 9:46 என்று சொல்லித் தொடர்கிறார். ஸ்கோர் அட்டையில் ஸ்ட்ரைக்கவுட்டைக் குறிக்கும் எழுத்து 'கே'. கோஃபாக்ஸின் பெயரும் அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது. அதைச் சொல்லித்தான் அவர் அந்த வர்ணனையை முடிக்கிறார்.

ஏறக்குறைய நான்கு வாரம் கழித்து, 1965 அக்டோபர் 6, உலகத் தொடரின் முதல் ஆட்டம் மினசோட்டாவில். அன்று யோம் கிப்பூர், யூதர்களின் ஆண்டில் மிகப் புனிதமான நோன்பு நாள். கோஃபாக்ஸ் யூதர். மத ஆசாரங்களைத் தினமும் கடைப்பிடித்தவர் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் அந்த நாளில் எறிய மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அறிக்கை இல்லை, விளக்க உரை இல்லை. அவருக்குப் பதிலாக எறிந்த டான் டிரைஸ்டேல் அடி வாங்க, அணி 8-2 என்று தோற்றது. இரண்டாம் ஆட்டத்தில் கோஃபாக்ஸே எறிந்தும் தோற்றார்கள். அமெரிக்க யூதக் குடும்பங்களில் அன்று சிறுவர்களாக இருந்தவர்கள் இன்று தாத்தாக்கள். அந்த முதல் ஆட்டத்தை அவர்கள் தங்கள் பேரப் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். அவர் ஒரு பந்துகூட எறியாத ஆட்டம் அது.

ஐந்தாம் ஆட்டத்தை 7-0 என்று முடித்தார். ஏழாவதும் கடைசியுமான ஆட்டம் அக்டோபர் 14, இடையில் இரண்டே நாள் ஓய்வு. வளைபந்து அன்று வளையவே இல்லை. கேட்ச்சர் ஜான் ரோஸ்பரோவும் அவரும் அதை விட்டுவிட முடிவு செய்தார்கள். ஒரே வகைப் பந்தை வைத்துக்கொண்டு, தேய்ந்த மூட்டோடு, ஒன்பது இன்னிங்ஸ். 2-0. அந்த ஆட்டத்தை பெர்ஃபெக்ட் கேமுக்கும் மேலாக வைப்பேன். எல்லாம் கைகூடிய இரவில் சாதிப்பது வேறு, பாதி ஆயுதம் கைவிட்ட நாளில் நின்று முடிப்பது வேறு.

1966 தொடக்கத்தில் அவரும் டிரைஸ்டேலும் சேர்ந்து சம்பளத்துக்காக 32 நாள் பயிற்சிக்கு வராமல் நின்றார்கள். அன்று ஓர் ஆட்டக்காரர் விரும்பினாலும் வேறு அணிக்குப் போக முடியாது. அணி கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டும் அல்லது வீட்டில் இருக்க வேண்டும். இருவரும் ஒன்றாக நின்றதால் கோஃபாக்ஸுக்கு 125,000 டாலரும் டிரைஸ்டேலுக்கு 110,000 டாலரும் கிடைத்தன. ஆட்டக்காரர்கள் சேர்ந்து நின்றால் என்ன ஆகும் என்பதை அணி முதலாளிகள் அப்போது முதல்முறையாகக் கண்டார்கள்.

அந்தப் பருவமே அவருக்குக் கடைசி என்பது மிகச் சிலருக்கே தெரியும். அவர்களில் ஒருவர் சான் டியேகோ நிருபர் ஃபில் காலியர். 1965லேயே கோஃபாக்ஸ் அவரிடம் சொல்லிவிட்டார். அந்தக் காலத்தின் மிகப் பெரிய விளையாட்டுச் செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு ஓராண்டுக்கு மேல் காலியர் எழுதாமல் இருந்தார். கோஃபாக்ஸ் 27 ஆட்டங்களை வென்றார், சராசரி 1.73. பருவத்தின் கடைசி நாளில் பிலடெல்ஃபியாவில், மீண்டும் இரண்டே நாள் ஓய்வோடு, முழு ஆட்டமும் எறிந்து அணியை உலகத் தொடருக்குக் கொண்டுபோனார். அங்கே பால்டிமோரிடம் நான்கு ஆட்டங்களிலும் தோல்வி.

நவம்பர் 18 அன்று பெவர்லி ஹில்ஸில் ஒரு ஹோட்டலில் நிருபர்களை அழைத்தார். பேஸ்பாலுக்குப் பிறகும் வாழ வேண்டிய ஆண்டுகள் நிறைய இருக்கின்றன, அவற்றை உடல் முழுதும் இயங்கும் நிலையில் வாழ விரும்புகிறேன் என்றார். பணத்தைப் பற்றிக் கேட்டார்கள். ஒரு கை செயல்படாத மனிதனிடம், விலை கொடுத்தால் அந்தக் கை திரும்பக் கிடைக்கும் என்று சொன்னால், அவன் தன்னிடம் இருக்கும் கடைசிக் காசுவரை கொடுத்துவிடுவான் என்றார். அவருக்கு வயது முப்பது.

உங்கள் சந்தேகத்துக்கு நியாயமான பக்கமும் ஒன்று உண்டு. அன்று பிட்ச்சர் நிற்கும் மேடு பதினைந்து அங்குல உயரம் இருந்தது. 1969இல்தான் பத்தாகக் குறைத்தார்கள். 1963இல் ஸ்ட்ரைக் எல்லையையும் பெரிதாக்கியிருந்தார்கள். டாட்ஜர் ஸ்டேடியம் பிட்ச்சர்களுக்குச் சாதகமான இடம். அங்கே அவர் கணக்கு 57 வெற்றி, 15 தோல்வி. இவற்றை எல்லாம் கழித்துப் பாருங்கள் என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்த ஐந்து ஆண்டுகளில் வெளியூர் மைதானங்களில் அவர் 54 வென்று 19தான் தோற்றிருக்கிறார். அதே மேட்டில் நின்று எறிந்த மற்ற பிட்ச்சர்களும் இருந்தார்கள். உலகத் தொடர்களில் 57 இன்னிங்ஸ் எறிந்து அவர் கொடுத்த சராசரி 0.95. நீண்ட காலம் ஆடியவர்களின் மொத்தக் கணக்கை அவர் எட்டவில்லை என்பது உண்மை. மிக நெருக்கடியான ஓர் ஆட்டத்துக்கு யாரிடம் பந்தைக் கொடுப்பாய் என்று கேட்டால் நான் தயங்காமல் அவரிடம்தான் கொடுப்பேன்.

அதன் பிறகு அவர் தன் புகழை விற்கவில்லை. சில ஆண்டுகள் தொலைக்காட்சியில் பேசினார், அது அவருக்கு ஒத்துவரவில்லை. பின்னர் டாட்ஜர்ஸின் இளம் பிட்ச்சர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1972இல், 36 வயதில், ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றார். அவரைவிட இளம் வயதில் அந்தக் கௌரவம் பெற்ற ஆட்டக்காரர் இல்லை. மற்றபடி ஒதுங்கியே இருந்தார். தன்னைப் பற்றித் தானே பேசாததால், பேசும் வேலையை ரசிகர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. 2022 ஜூன் மாதம் டாட்ஜர் ஸ்டேடியத்தில் ஜாக்கி ராபின்சன் சிலைக்குப் பக்கத்தில் அவருக்குச் சிலை வைத்தபோது, எண்பத்தாறு வயதில் மேடையேறினார். தன்னைப் பற்றிப் பேசுவதை விடுத்து, தனக்கு உதவியவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி நன்றி கூறினார்.

உங்களால் முடிந்தால் ஒன்று செய்யுங்கள். 1965 செப்டம்பர் 9 இரவின் அந்த ஒன்பதாவது இன்னிங்ஸ் பதிவைத் தேடி எடுங்கள். விளக்கை அணைத்துவிட்டு, திரையைப் பார்க்காமல், அந்தச் சிறுவன் தலையணையில் காதை வைத்துக் கேட்டதுபோலக் கேளுங்கள். பனிக்கட்டித் தொட்டியும், ரப்பர் உறையும், குட்டையாக வெட்டிய கோட்டுக் கையும் இப்போது உங்களுக்குத் தெரியும். ஸ்கல்லி பேச்சை நிறுத்தியதும் கூட்டம் மட்டும் இரைந்துகொண்டிருக்கும் அந்த அரை நிமிடத்தில் ரேடியோவை அணைத்துவிடாதீர்கள்.